புறப்பட்டார் என்று எழுதியிருக்கலாம்

பதுளைத் தந்தி ஆபீசில் நான் உட்கார்ந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. மடித்த அட்டையை அதற்கு அண்டக் கொடுத்துத்தான் அத்தனை வருஷமும் வேலை பார்த்தேன். ஆனால் அந்த நாட்களில் யாராவது என்னைக் கேட்டிருந்தால், இந்த ஊவா மாகாணத்தையே ஆட்டி வைக்கிற ஆசனம் அது என்றுதான் சொல்லியிருப்பேன். இருந்த இடத்தைவிட்டு அசையாமல், தந்தி அடிக்கிற பித்தளைச் சாவியை விரலால் தட்டுவேன். கொழும்பில் யாரோ ஒருவர் எழுந்து ஓடுவார். துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகள் ஏறும். ஒரு துரை இன்னொரு துரைக்குக் குதிரை அனுப்பி வைப்பார். நான் பாட்டுக்கு வெற்றிலை மென்றுகொண்டு அடுத்த தாளை எடுப்பேன்.

என் அப்பா பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. விடியும் முன்பே பெரட்டுக் களத்தில் நின்று, ஆள் எண்ணி, வேலை பிரித்து, அப்புறம் அவர்கள் பின்னாலேயே மலை ஏறி இறங்குவார். எதையும் நேரில் போய்ப் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அவருடைய முழங்கால் தேய்ந்ததைப் பார்த்து வளர்ந்த எனக்கு, நேரில் போவது என்பதே படிக்காதவர்கள் செய்கிற வேலை என்று பட்டுவிட்டது. மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் அதற்கு மேல் மெருகு போட்டது. என்னைக் கெடுத்தது இந்த ஒரு நினைப்புதான்.

பதுளை ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கிற நண்பர் ஒருவர் இருந்தார். மாலையில் இரண்டு பேரும் கடைத்தெருவில் நடப்போம். நடந்துகொண்டே தோட்டத்து ஆட்களைக் கேலி செய்வது எங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. கண்பட்டு மாடு செத்தது என்பார்கள். எங்கோ ஒரு மந்திரவாதி பொம்மையில் முள் குத்த, இங்கே ஒருவருக்கு வயிற்று வலி வந்தது என்பார்கள். சாவுத் தீட்டு இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றிலும் வேடிக்கை. திருச்சிப் பக்கத்தில் பங்காளி ஒருவர் செத்தால், கடல் தாண்டி நமுனுகுல மலையில் கொழுந்து பறிப்பவருக்குத் தீட்டு. அதுவும் அங்கே உயிர் போன நேரத்தில் இல்லை. இங்கே சேதி காதில் விழுந்த நேரத்தில். கேட்டால் உடனே தலை முழுக வேண்டும், கேட்காதவரை பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டு சுகமாக இருக்கலாம்.

“அப்ப தீட்டு என் கம்பி வழியாத்தான் வருதுன்னு சொல்லு” என்று நான் சிரித்தேன்.

நண்பர் சிரிக்கவில்லை. மொனராகலைப் பக்கம் போனவர்களுக்கெல்லாம் வருகிற காய்ச்சல் காட்டுக் காற்றால் வருகிறது என்றுதான் டாக்டர்மார் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள், இப்போது கொசு என்கிறார்கள் என்றார். தூரத்தில் இருக்கிற எதுவும் நம்மைத் தானாக வந்து தொடுவதில்லை, நடுவில் ஒன்று இருந்து கொண்டுவருகிறது, நமக்குத்தான் அது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பது அவர் கட்சி. காந்தத்துக்கும் ஊசிக்கும் நடுவில் என்ன இருக்கிறது, நிலாவுக்கும் கடலுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று நான் மடக்கினேன். “தெரியலப்பா. ஆனா ஒன்னு இருக்கணும்” என்றார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

எங்கள் ஆபீசில் ஒரு சட்டம் உண்டு. வருகிற தந்தியில் ஒரு சொல்லைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. துரைமாருக்கு வருவதை வந்தபடியே எழுதி அனுப்புவோம். தோட்டத்து ஆட்களுக்குத் தந்தி வருவது அபூர்வம். வந்தால் அதைத் தமிழில் ஒரு சீட்டில் எழுதி, அந்தந்தத் தோட்டத்திலிருந்து தபால் பை எடுக்க வருகிற ஆளிடம் கொடுத்துவிடுவோம். தமிழில் எழுதுகிற வேலை என்னுடையது. அதிலும் எனக்குப் பெருமைதான்.

ஒரு வியாழக்கிழமை, நமுனுகுலச் சரிவில் இருக்கிற ஒரு தோட்டத்துப் பெண்ணுக்குத் தந்தி வந்தது. திருச்சிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து வந்த மூன்றே சொல். ஹஸ்பண்ட் லெப்ட் டுடே.

அந்தப் பெண்ணின் கதை எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. இருந்தாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி இரண்டு வருஷம். புருஷன் தகப்பன் பங்கு நிலத்தைப் பார்த்துவர ஊருக்குப் போயிருந்தார். ஊருக்குப் போன ஆம்பிளைகள் அங்கேயே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு திரும்பாமல் போவது, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளான லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதனால் அவள், ஊரை விட்டுக் கிளம்புகிற அன்றைக்கே சேதி சொல்லிவிட வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருந்தாள். கடுதாசி போட்டால் அது வரும் முன்பு நானே வந்துவிடுவேன், துரைமார் மாதிரி தந்தி அடிக்கிறேன் பார் என்று அவர் பெருமையடித்திருக்கிறார். சொன்னபடியே அடித்தும் இருக்கிறார். “பொறப்பட்டு வாரேன்” என்றுதான் அங்கேயுள்ள தபால்காரரிடம் சொன்னாராம். அந்த மனிதர் அதை இங்கிலீஷில் சுருக்கியபோது ‘வாரேன்’ அங்கேயே தங்கிவிட்டது.

நம்முடைய ஜனம் வாசல் தாண்டும்போது ‘போறேன்’ என்று சொல்லாது. ‘போயிட்டு வாரேன்’ என்றுதான் சொல்லும். வெறும் ‘போ’ என்பது அபசகுனம், செத்தவர்கள்தான் ‘போயிட்டார்’. என் அம்மாவும் அப்படித்தான். அவரைச் சீண்டுவதற்காகவே நான் தினமும் வேலைக்குக் கிளம்பும்போது ‘போறேன்’ என்று உரக்கச் சொல்வேன். ஒரு எழுத்துக்குப் பயப்படுகிறவர்களைக் கண்டால் எனக்கு அவ்வளவு இளக்காரம்.

அந்தச் சீட்டில் முதலில் என் கை சரியாகத்தான் எழுதியது. “கணவர் இன்று புறப்பட்டு வருகிறார்.” எழுதிவிட்டுப் பார்த்தால், வருகிறார் என்ற சொல் தந்தியில் இல்லை. சட்டம் ஞாபகம் வந்தது. அதை அடித்தேன். கோடு புறப்பட்டு என்பதன் மேலும் ஓடிவிட்டது. சீட்டு அசிங்கமாகிவிட்டதே என்று கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று எடுத்தேன். லெப்ட் என்றால் விட்டுப்போனான் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது. எழுதினேன். “கணவர் இன்று போய்விட்டார்.” மை காய ஊதிவிட்டு, மடித்து, தபால் பை ஆளிடம் கொடுத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு நிமிஷ வேலை.

சனிக்கிழமை அந்தத் தோட்டத்துக் கங்காணி ஆபீசுக்கு வந்தார். அந்தப் பெண்ணின் கூட்டத்து ஆட்களுக்குத் தலைவர் அவர்தான். கடிதம் ஒன்றைப் பெட்டியில் போட்டார். கக்கத்தில் கடைத்தெருவில் வாங்கிய வெள்ளைச் சேலைப் பொட்டலம். என்ன விசேஷம் என்று கேட்டேன்.

“நீங்க குடுத்துவிட்ட தந்திதாங்க ஐயா. அந்தப் புள்ளைக்குப் படிச்சுக் காட்டினதும் மயங்கி விழுந்துருச்சு. பதினாறு நாளெல்லாம் துரை விடமாட்டாரு. நாளைக்கு ஞாயித்துக்கெழம, பெரட்டு இல்ல. நாளைக்கே தாலியக் கழட்டி எல்லாத்தையும் முடிச்சிரலாம்னு இருக்கோம்.”

எனக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. ஒரு சொல் போதும். ‘இல்ல கங்காணி, அவரு சாகல, பொறப்பட்டுத்தான் இருக்காரு’ என்று சொல்லியிருந்தால் அவர் அந்தப் பொட்டலத்தைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்திருப்பார். ஆனால் எங்கள் போஸ்ட்மாஸ்டர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். தந்தியில் பிழை செய்தவரை வீட்டுக்கு அனுப்பத் தயங்காதவர். அவர் காதில் விழும்படி என் பிழையை நானே எப்படிச் சொல்வது? “ஐயோ பாவம்” என்றேன். ஆமாம், அதைத்தான் சொன்னேன். கங்காணி கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அவசர அவசரமாக ஒரு சீட்டு எழுதினேன். “போய்விட்டார் என்பதைப் புறப்பட்டார் என்று திருத்தி வாசிக்கவும்.” அதை அந்தத் தோட்டத்துப் பையில் போட்டேன். அன்றைய பை ஏற்கெனவே போய்விட்டது, இது திங்கட்கிழமைதான் போகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் போட்டேன். போட்டதும் மனசு கொஞ்சம் இலேசானது. அதுதான் எனக்கு இன்றும் விளங்கவில்லை. காகிதத்தை ஒரு பையில் போட்டுவிட்டால் காரியம் நடந்துவிட்டது என்று நம்புகிற அளவுக்கு அந்த நாற்காலி என்னை ஆக்கியிருந்தது.

மறுநாள் எனக்கு விடுமுறை. காலையில் நடக்க ஆரம்பித்திருந்தால் மத்தியானத்துக்குள் அந்த லயத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். மழை பெய்தது. மழைதான் காரணம் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது அப்படியொன்றும் பெரிய மழை இல்லை. குடை பிடித்துக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போய்ச் சீட்டு ஆடினேன். மழைக்குப் பயந்தவன் அதற்கு மட்டும் எப்படிப் போனேன்? நான் உள்ளே சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அங்கே அவளுடைய வளையல்களை உடைத்து, பொட்டை அழித்து, தாலியைக் கழற்றிப் பாலில் போட்டார்கள்.

திருத்தச் சீட்டு திங்கட்கிழமை கங்காணி கைக்குப் போயிருக்கிறது. படித்துப் பார்த்த அவர், ஆபீஸ்காரர்கள் செத்தவருக்கு மரியாதையாகச் சொல்லை மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டாராம். அவரையும் குறை சொல்ல முடியாது.

அந்த வாரக் கடைசியில் ஒருநாள், தோளில் மூட்டையும் முகமெல்லாம் சிரிப்புமாக ஒருவர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். அந்த நாளில் ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கே இறங்கி நேரே மலைக்குப் போகாமல், பதுளைக்கு வந்திருந்தார். எதற்கென்றால், இங்கே கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் கண்ணாடி வளையல் நல்லதாகக் கிடைக்கும் என்று. வாங்கிய வளையல்களைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்.

“ஐயா, நம்ம தந்தி வந்துச்சுங்களா? வீட்டுக்குச் சேத்துட்டீங்களா?”

“சேத்தாச்சு” என்றேன்.

“நம்பியிருக்க மாட்டா. நம்மாளுக்குத் தந்தியான்னு லயமே சிரிச்சிருக்கும்” என்று சொல்லி அவரே சிரித்தார். கொஞ்சம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். கும்பிட்டார். “போயிட்டு வாரேனுங்க” என்று இறங்கி நடந்தார். நான் பேசாமல் இருந்தேன். கங்காணியிடம் பேசாமல் இருந்ததற்காவது போஸ்ட்மாஸ்டர் பக்கத்தில் நின்றார் என்று ஒரு சாக்கு உண்டு. அன்றைக்கு ஆபீசில் நான் மட்டும்தான் இருந்தேன். இப்போதும் அந்த மனிதரின் முதுகு தெருக்கோடியில் திரும்புவது தெரிகிறது. வெட்கமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் இருவருமாக வந்தார்கள். அவள் கழுத்தில் புதிதாக மஞ்சள் கயிறு. கையில் அந்த வளையல்கள். ஒல்லியான, வெடுக்கென்று பேசுகிற பெண். அவரைக் கண்டதும் லயத்தில் எல்லோரும் ஆவி என்று கதவைச் சாத்திக்கொண்டார்களாம். இவள் மட்டும் வெளியே வந்திருக்கிறாள்.

“காலு தரையில படுதான்னு பாத்தேனுங்க. பட்டுச்சு. அப்பறந்தான் அழுதேன்” என்றாள்.

தோட்டத்துக் கோயிலில் மறுபடியும் தாலி கட்டியிருக்கிறார்கள். ஆகாதவர்கள் யாரோ தந்திக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பூசாரி எலுமிச்சம்பழம் அறுத்துக் கழித்திருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடத்து இலக்கணத்தில் செய்வினை என்றால் வேறு. செய்தவர் யார் என்பது வெளியே தெரிகிற வாக்கியம் அது. செய்தவன் இதோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், இவர்கள் எலுமிச்சம்பழத்தில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நண்பர் சொன்னது போல நடுவில் ஒன்று இருந்துதான் கொண்டுபோயிருக்கிறது. அது நான்.

சண்டைக்கு வந்திருந்தால்கூடத் தேவலை. அவர் என்னுடைய சீட்டை எடுத்து மேசை மேல் வைத்து, “இது எப்படிங்க ஐயா இப்படி ஆச்சு?” என்று மட்டும் கேட்டார். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ‘என் தப்பு, மன்னிச்சிருங்க’ என்று சொல்ல அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. நான் என்ன செய்தேன்? தொண்டையைச் செருமிக்கொண்டு, படித்தவன் குரலை எடுத்துக்கொண்டு, ஒரு பொய் சொன்னேன்.

“அது இங்கிலீசுல அப்படித்தான். சாவுறதுக்கும் பொறப்படுறதுக்கும் அவங்களுக்கு ஒரே சொல்லுதான். யாரு எழுதியிருந்தாலும் இப்படித்தான் வந்திருக்கும்.”

அவள் கண்ணை அகல விரித்தாள். “வெள்ளைக்காரங்களுக்கு ரெண்டும் ஒன்னுங்களா?”

“ஒன்னுதான்” என்றேன்.

அவர்கள் அதை முழுசாக நம்பினார்கள். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். என் வேலை தப்பியது. அன்று மாலை நண்பரிடம் இதை ஒரு சாமர்த்தியமாகவே சொன்னேன் என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

அதற்குப் பிறகு ஐந்தாறு வருஷம் அவர்கள் எனக்கு நினைவில்லை. என்னைப் போன்றவனுக்கு மறதி நன்றாக வரும். நிலத்துத் தகராறு தீராமல், அந்த மனிதர் மறுபடியும் ஊருக்குப் போயிருந்தார். ஒரு காலையில் மிஷின் தட்டத் தொடங்கியது. அதே தோட்டம், அதே பெண். ஹஸ்பண்ட் டைடு எஸ்டர்டே.

இரண்டு முறை திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். இந்த முறை சீட்டு எழுதவில்லை. பையில் போடவில்லை. போஸ்ட்மாஸ்டரிடம் லீவு சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினேன். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. அப்பா ஒவ்வொரு நாளும் இப்படித்தான் நடந்தார் என்ற நினைப்பும் கூடவே வந்தது. நேரில் போய்ச் சொல்வதால் அன்றைக்குச் செய்ததில் பாதியாவது தீரும் என்று நம்பினேன்.

அவள் வேலை முடிந்து கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு லயத்து வாசலில் நின்றாள். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். முகம் மலர்ந்தது. “வாங்க ஐயா, வாங்க. இம்புட்டுத் தூரம் நடந்தா வந்தீங்க?” என்று சாக்கை உதறி விரித்தாள். உட்காராமலே சொன்னேன்.

“அம்மா, மனசத் தேத்திக்க. உன் புருஷன் எறந்துட்டாரு. தந்தி வந்திருக்கு.”

அவள் விரித்த சாக்கின் சுருக்கத்தை நீவிவிட்டாள். அப்புறம் கேட்டாள். “இங்கிலீசுலதானே வந்திருக்கு?”

“ஆமா.”

“அப்ப பொறப்பட்டுட்டாருன்னு சொல்லுங்க.”

இல்லையம்மா, அது வேறு சொல், இது வேறு சொல், அன்றைக்கு வந்தது லெப்ட், இன்றைக்கு வந்திருப்பது டைடு என்றேன். நான் அன்றைக்குச் சொன்னது பொய், தப்பு என்னுடையது, உன் தாலியைக் கழற்ற வைத்தவன் நான்தான் என்றேன். இத்தனை வருஷம் அடக்கி வைத்ததையெல்லாம் அந்த வாசலில் நின்று கொட்டினேன். கங்காணி உட்பட நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். கோபமே இல்லை. என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள், அதுதான் தாங்கவில்லை.

“விடுங்க ஐயா. அன்னைக்கு ஒரு தடவ அப்படி ஆனதுல நீங்க பயந்துபோயிட்டீங்க. ரெண்டும் ஒரே சொல்லுன்னு நீங்கதானே சொன்னீங்க? படிச்சவங்க அதையும் இதையும் மாத்திப் பேசலாமா? ஒரு வாரத்துல வந்துருவாரு. அப்ப நானே கூட்டிக்கிட்டு வந்து காட்டுறேன்.”

தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். குடித்தேன். கூடியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கங்காணிக்கு நான் சொன்னது புரிந்தது. ஆனால் உயிரோடு இருந்த மனிதருக்குக் கருமாதி செய்த பழி ஏற்கெனவே அவர் தலையில் இருந்தது. “ஒரு தடவ அறுத்ததே பாவங்க. நான் கை வைக்கமாட்டேன்” என்று சொல்லிவிட்டார். லயத்தில் வேறு யாரும் முன்வரவில்லை.

ஒரு மாதம் கழித்து, சாவுச் சேதிக்கு அடையாளமாக மூலையில் கரி தடவிய கடிதம் ஊரிலிருந்து வந்தது. வாந்திபேதியில் மூன்று நாள் கிடந்து இறந்தார் என்று மச்சினர் எழுதியிருந்தார். அதையும் போய் நான்தான் படித்துக் காட்டினேன். அவள் கடைசிவரை கேட்டுவிட்டு, “நெலத்துல அவருக்குக் கண்ணு. பங்கு கேட்டு நான் வரக்கூடாதுன்னு எழுதியிருக்காரு” என்றாள். அப்படி எழுதுகிறவர்களும் இருக்கத்தானே செய்கிறார்கள். ‘நான் சொல்வதை நம்பு’ என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

அவள் கொழுந்து பறித்தாள். பொட்டு வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் குளித்தாள். வயசுப் பெண்தானே, வேறு ஒருவரைக் கட்டிக்கொள்ளலாம், அவர்கள் கூட்டத்தில் அதற்குத் தடை இல்லை. தாரம் இழந்த நல்ல மனிதர் ஒருவர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கேட்டும் இருக்கிறார். புருஷன் இருக்கும்போது இது என்ன பேச்சு என்று அவரைத் திட்டி அனுப்பினாளாம். கங்காணி ஒருநாள் என்னிடம் வந்து இதைச் சொல்லிவிட்டு எழுந்து போனார். முதல் தடவை நான் அவளிடமிருந்து எடுத்த தாலி ஒரு வாரத்தில் திரும்பக் கிடைத்துவிட்டது. இரண்டாவது தடவை நான் எடுத்தது அவளுடைய அழுகையை. அழுது முடித்துவிட்டு மறுபடியும் வாழ ஒரு வழி எல்லோருக்கும் உண்டு. அந்த வழியை நான் ஒரு பொய்யால் அடைத்துவிட்டேன்.

இப்போது ரயில் பதுளைக்கே வந்துவிட்டது. எனக்கும் இன்னும் கொஞ்ச நாளில் ஓய்வு. போன மாதம் அவள் ஆபீசுக்கு வந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. பொட்டு பழையபடி பெரிதாக இருந்தது. வரிசையில் நின்று, முறை வந்ததும் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். தோட்டத்தில் பழைய லயத்தை இடிக்கிறார்களாம். அவளை மேட்டு லயத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அவர் வந்து பழைய இடத்தில் தேடி அலையக்கூடாது, அதனால் ஊருக்கு ஒரு தந்தி அடிக்க வேண்டும் என்றாள்.

நான் படிவத்தை எடுத்தேன். அம்மா, வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். அவருடைய பெயரை எழுதினேன். ஊரை எழுதினேன். “மேட்டு லயம், கடைசிக் காம்பரா” என்று அவள் தன் புது அறையைச் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் எழுதினேன். அவருடைய பெயருக்கு அந்த ஊரில் இன்றைக்கு ஆள் இல்லை என்பது உலகத்திலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

எழுதி முடித்ததும் அவள் கம்பி இடுக்கில் முகத்தை வைத்து, மற்றவர் காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னாள்.

“அவருக்கு இங்கிலீசு தெரியாதுங்க ஐயா. அங்க இருக்கிற ஆபீசுல, நல்லாப் படிச்ச ஆளா ஒருத்தரப் பாத்து, சொல்லு மாறாமப் படிச்சுக் காட்டச் சொல்லுங்க.”

சரி அம்மா என்றேன். அதையும் சேர்த்து எழுதி, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாவியைத் தட்டினேன்.